அம்மாவின் செம்பும் மகனின் கடல்தொட்டியும்

(எமது வானொலியின் மாதாந்தப் பேச்சு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் வந்திருந்தால் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்று ஏதாவது ஒரு கணக்கைத்தான் கதைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வரி இல்லை. இன்றைக்கு நான் கதைக்கப் போவது எங்கள் வீட்டு மீன்தொட்டியைப் பற்றி. ஆனால் தொழில் என்னை விடாது. ஆகவே இதற்குள்ளும் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

எங்கள் மகன் பதினைந்து வயதில், கோடை விடுமுறையில் வேலை செய்து உழைத்த காசில் ஒரு கடல்நீர்த் தொட்டி வாங்கினான். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம். கல்லும் மண்ணும் போக உள்ளே நிற்கிற தண்ணீர் சுமார் 60 லீற்றர்தான். நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் பலர் எங்கள் ஆட்களில் இருக்கிறார்கள். இது வேறு. இதற்குக் கடலைப் போல உப்புத் தண்ணீர் வேண்டும். ரொறொன்ரோவில் கடல் இல்லை. கடையில் விற்கிற கடலுப்புக் கலவையை, லீற்றருக்கு 37 கிராம் அளவில், சுத்திகரித்த தண்ணீரில் கரைத்துத்தான் கடலை உண்டாக்க வேண்டும். உள்ளே துளைகள் நிறைந்த கல். அதன் மேல் உயிருள்ள பவளங்கள்.

பவளம் என்று இங்கே சொல்கிறோம். ஊரில் எங்கள் சனங்கள் அதை முருகைக்கல் என்பார்கள். என்னுடைய அம்மா பிறந்தது நெடுந்தீவில். அங்கே வளவுகளுக்கு மதிலே முருகைக்கல்தான். சீமெந்தும் சாந்தும் இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் இன்றைக்கும் நிற்கின்றன. அம்மாவுக்கு அது கல். மகன்தான் அவவுக்கு விளங்கப்படுத்தினான்: "அப்பம்மா, இது கல் இல்லை. சின்னச் சின்னப் பிராணிகள். தங்களுக்கு வீடு கட்டுதுகள். நீங்கள் மதில் கட்டினது அதுகள் விட்டிட்டுப் போன வீட்டாலை." அவன் சொன்னது சரிதான். தண்ணீரிலே கரைந்திருக்கிற கல்சியத்தை எடுத்து, கல்சியம் காபனேற்றாக்கி, அந்த மென்மையான பிராணி தனக்குக் கீழே கல்லைக் கட்டுகிறது. அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து அதற்கும் கொடுக்கிறது. சூடு அளவுக்கு மீறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளிறிப் போகும். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது இக்கடுவைப் பக்கம் நடந்தது அதுதான்.

மகன் படித்து முடித்து வேலை கிடைத்து வன்கூவருக்குப் போனான். போகும்போது, "அப்பா, கிழமைக்கு ஒருக்கால் தண்ணி மாத்தினால் காணும்" என்று சொல்லி, தன்னுடைய கொப்பியையும் தந்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். அதற்குப் பிறகு என் மனைவிக்கு வருத்தம் வந்தது. சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு ஆறு மாதச் சிகிச்சை, நடுவிலே எனக்கு வரிக்காலம். அந்த வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும், அப்படியான காலத்தில் ஒரு அறைக்கதவைச் சாத்தினால் அது சாத்தினதுதான். மீன்தொட்டி இருந்தது மகனின் பழைய படிக்கிற அறையில். வெளிச்சம் தானாக எரிந்து தானாக அணையும். பம்பும் ஹீற்றரும் தங்கள் பாட்டில் ஓடும். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பதினான்கு மாதம்.

மனைவி குணமாகி, வீட்டைத் துப்புரவாக்குவோம் என்று தொடங்கிய ஒரு சனிக்கிழமை அந்த அறையைத் திறந்தேன். கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. உள்ளே தலைமயிர் போல நீண்ட பாசி. மூடியிலும் வயர்களிலும் வெள்ளை உப்புப் படை. "இஞ்சருங்கோ, உதைக் கழுவி யாருக்கும் குடுத்துவிடுங்கோ. இனி ஆர் பார்க்கிறது?" என்றா மனைவி. எனக்கும் அதுதான் எண்ணம். வாளி எடுத்துக் கொண்டு வந்து, வங்கி அட்டை ஒன்றால் முன்கண்ணாடியில் ஒரு கோடு சுரண்டினேன். அந்தக் கோட்டுக்குள்ளாலே ஒரு செம்மஞ்சள் மீன் வந்து என்னைப் பார்த்தது. கோமாளி மீன். பிள்ளைகள் 'நீமோ' என்று சொல்வார்களே, அதுதான். ஒன்பது வயது. கல்லின் ஒரு ஓரத்தில் பொத்தான் பவளங்கள் ஏழெட்டு, சுருங்கிப் போய், ஆனால் உயிரோடு.

நேயர்களே, இந்த இடத்தில்தான் என்னுடைய கணக்காளர் மூளை விழித்தது. எப்படி இது உயிரோடு இருக்கிறது?

கடல்தொட்டியில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தண்ணீர் குறையக் குறைய உப்பு ஏறும், ஏறி எல்லாவற்றையும் கொல்லும். பிறகு நான் கண்ணாடியில் ரேப் ஒட்டி அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டுச் சூட்டுக்கு ஐந்து நாளில் இரண்டரை லீற்றர் போகிறது. நாளுக்கு அரை லீற்றர். பதினான்கு மாதத்துக்கு 200 லீற்றருக்கு மேல். 60 லீற்றர் தண்ணீர் உள்ள தொட்டி மூன்று தரம் வற்றியிருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் மட்டம் இரண்டு விரல்தான் குறைந்திருந்தது.

அடுத்தது உப்பு. மகனின் கொப்பியில் கடைசிப் பதிவு, ஆயிரத்துக்கு 35. நான் அளந்தபோது 30. அதாவது 2,100 கிராம் உப்பு இருக்க வேண்டிய இடத்தில் 1,800. ஏறியிருக்க வேண்டியது இறங்கியிருக்கிறது. 300 கிராம் உப்புக் கணக்கில் இல்லை. மூடியில் படிந்திருந்ததைச் சுரண்டிச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. கணக்குப் புத்தகத்தில் இப்படி வந்தால் நான் என்ன சொல்வேன்? யாரோ எனக்குத் தெரியாமல் பதிவு போட்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

இரவு சாப்பாட்டில் கேட்டேன். "அம்மா, நீங்களோ அந்தத் தொட்டிக்குத் தண்ணி விட்டது?"

"ஓம். கண்ணாடியிலை ஒரு வெள்ளைக் கோடு இருக்கு. தண்ணி அதுக்குக் கீழை போனால் ஒரு செம்பு ஊத்துவன். பாசியைக் கொஞ்சம் அகப்பையாலை அள்ளி எறிவன். நெத்தலி அவிச்சால் ஒரு துண்டு போடுவன்."

300 கிராம் உப்பு எங்கே போனது என்று எனக்கு விளங்கிவிட்டது. பாசியோடு அள்ளி எறிந்த தண்ணீரில் போயிருக்கிறது.

அம்மாவுக்கு 84 வயது. காலையில் என்ன சாப்பிட்டவ என்று மத்தியானம் கேட்டால் தெரியாது. ஆனால் பதினான்கு மாதம், சாமிக்கு விளக்கு வைத்த கையோடு அந்த அறைக்குப் போயிருக்கிறா. "ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "உங்களுக்கு உங்கட பாடு" என்றா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கயித்திலை கட்டின ஆடும் கண்ணாடிக்குள்ளை கிடக்கிற மீனும் ஒண்டுதான். அதாலை எங்கை போறது?" என்றா.

ஆடு எது என்று எனக்கு மட்டும் தெரியும். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்த அந்த மழை இரவில், நாங்களும் மானிப்பாயில் இருந்து வெளிக்கிட்டோம். செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்குப் போகவே விடிந்துவிட்டது. இரண்டு நாளில் திரும்பலாம் என்ற எண்ணம். பாலத்தடியில் நிற்கும்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது, ஆட்டை அவிழ்த்து விடவில்லை என்று. திரும்பிப் போகிறேன் என்று நின்றவவை நான்தான் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு வந்தேன். எனக்கு அப்போது 25 வயது. நாங்கள் அந்த வளவுக்குத் திரும்பிப் போக முந்தியே நான் இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். அந்த ஆட்டைப் பற்றி அம்மா பிறகு என்னோடு கதைத்ததே இல்லை, அன்றைக்கு வரைக்கும்.

அதற்குப் பிறகு தொட்டியைக் கழுவிக் கொடுக்கிற கதையை யாரும் எடுக்கவில்லை.

இனி, இதை எப்படித் திரும்பத் தொடங்கினோம் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலவறையிலும் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன தொட்டி ஒன்று இருக்கலாம்.

முதலில் நான் செய்ய நினைத்த பிழை. கல் முழுக்கப் பாசி. பொங்கலுக்கு எடுக்கிற பெரிய பானையில் போட்டு ஒரு கொதி கொதிக்க விட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்று எண்ணி மகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவன் கத்தினான்: "அப்பா, வேண்டாம்! கல்லைக் கொதிக்க விடாதீங்கோ!" பொத்தான் பவளங்களில் சில இனங்களில் பாலிரொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. கல்லைக் கொதிக்க வைத்து அல்லது சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். தயவு செய்து இதை மட்டும் மறக்காதீர்கள். தொட்டிக்குள் கை வைக்கும்போது நீண்ட கையுறை போடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், கையில் காயம் இருந்தால் வைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, எல்லோரும் செய்கிற பிழை. அழுக்குத் தண்ணீர்தானே, முழுவதையும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவோம் என்பது. அன்று அளந்தபோது நைத்திரேற்று லீற்றருக்கு 80 மில்லிகிராம், இருக்க வேண்டியது 10க்குக் கீழே. காரத்தன்மை 5 பாகை, இருக்க வேண்டியது 8. கல்சியம் 340, இருக்க வேண்டியது 400க்கு மேல். எல்லாம் பிழைதான். ஆனால் அந்த மீன் அந்தப் பிழைக்குள் மெல்ல மெல்லப் பழகித்தான் பிழைத்திருக்கிறது. உப்பும் பி.எச்.உம் ஒரே நாளில் சரியான அளவுக்கு ஏறினால் அந்தச் சரியே அதைக் கொன்றுவிடும். பி.எச். குறைந்த தண்ணீரில் அமோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த வடிவில் கிடக்கும். பி.எச். திடீரென்று ஏறினால் அதுவே கடும் நஞ்சாக மாறும். அதோடு, அந்தப் பாசி பிடித்த கல்லுக்குள்தான் மீனின் கழிவை நைத்திரேற்றாக மாற்றுகிற பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. கல்லைப் புதிதாக்கினால் தொட்டியின் ஈரலை வெட்டி எறிந்த மாதிரி.

ஆகவே மகனும் நானும் ரெலிபோனில் ஒரு திட்டம் போட்டோம். கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 6 லீற்றர், அதாவது பத்து வீதம் மட்டும் மாற்றுவது. வணிகம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பெறுமானத் தேய்வில் 'குறைந்து செல்லும் மீதி முறை' என்று படித்தோமே, அதேதான். 80இல் பத்து வீதம் போக 72. அதில் பத்து வீதம் போக 64.8. இப்படி இருபது தரம் மாற்றினால் கணக்குப்படி 10க்குக் கீழே வரும். இருபது தரம் என்றால் பத்துக் கிழமை. உப்பும் அப்படியே, ஒவ்வொரு தரமும் அரைப் புள்ளி, கால் புள்ளியாக ஏறும். மீனுக்குத் தெரியவே தெரியாது.

தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர், குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்ல குளோரமீன் சேர்க்கிறார்கள், பழைய ஈயக் குழாய்கள் கரையாமல் இருக்கப் பொசுபேற்றும் சேர்க்கிறார்கள். மனிதருக்கு நல்லது. ஆனால் பொசுபேற்று பாசிக்குப் பசளை. அம்மாவின் செம்புத் தண்ணீர் மீனைக் காப்பாற்றியது, பாசியையும் வளர்த்தது. நல்ல காலம், அது சில்வர் செம்பு. ஊரில் இருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பாக இருந்திருந்தால், அதில் இருந்து செம்பு உலோகம் கரைந்து நத்தையையும் பவளத்தையும் கொன்றிருக்கும்.

உப்பைக் கரைத்த உடனே ஊற்றக் கூடாது. வாளிக்குள் சின்னப் பம்ப் ஒன்று போட்டு ஒரு நாள் சுற்ற விட்டு, உப்பையும் சூட்டையும் தொட்டியோடு ஒப்பிட்ட பிறகுதான் ஊற்ற வேண்டும். காரத்தன்மையை உயர்த்துவதற்கு நான் பாவித்தது எங்கள் குசினியில் இருக்கிற அப்பச்சோடா. 60 லீற்றருக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைய, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, பம்ப் தள்ளுகிற இடத்தில் மெதுவாக ஊற்றினால் ஒரு பாகை ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்த பிறகுதான் அடுத்தது. பாசியைக் கையாலும் பழைய பல்துலக்கியாலும் பிடுங்கினேன். பத்து மணித்தியாலம் எரிந்த வெளிச்சத்தை ஆறாகக் குறைத்தேன். அடி மண்ணைக் கிளறவில்லை. பழைய மண்ணின் அடியில் அழுகின முட்டை மணக்கிற நச்சு வாயு அடைந்திருக்கும், கிளறினால் அது மேலே வரும்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஒரு பிழை விட்டேன். நாலாவது கிழமை. தண்ணீர் தெளிந்து வருகிறது, எனக்கு அவசரம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிகட்டிப் பஞ்சு முழுவதையும் புதிதாக மாற்றி, இரண்டு கல்லை வெளியில் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் தேய்த்து, பளிச்சென்று வைத்தேன். மனைவி கூட நல்லாயிருக்கு என்றா. செவ்வாய்க்கிழமை காலை அம்மா என் அறைக்கதவைத் தட்டினா. "தம்பி, மீன் மேலை வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." அளந்தேன், அமோனியா. கல்லில் இருந்த பற்றீரியாவை நானே குளோரமீனால் கொன்றிருக்கிறேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. காலையும் மாலையும் இரவும் ஆறு ஆறு லீற்றராக மாற்றி, அமோனியாவைக் கட்டுகிற மருந்தும் விட்டு, மகன் வன்கூவரில் இருந்து மணிக்கொரு தரம் ரெலிபோன் எடுத்து, அம்மா கதிரை போட்டு முன்னால் இருந்து, வியாழக்கிழமை அது கீழே இறங்கி நெத்தலித் துண்டைக் கவ்வியது. பதினான்கு மாதப் புறக்கணிப்பைத் தாங்கின மீனை ஒரு நாள் துப்புரவு கொல்லப் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. பத்துக் கிழமை பன்னிரண்டு கிழமை ஆனது. நைத்திரேற்று கணக்குப்படி 10க்குக் கீழே வரவில்லை, 20இல் நின்றது. கல்லும் மண்ணும் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், சாப்பாடும் புதிதாகச் சேர்க்கும். காகிதக் கணக்குக்கும் உயிர்க் கணக்குக்கும் அந்த வித்தியாசம் இருக்கும். உப்பு 35க்கு வந்தது. பாசி தின்னுகிற நத்தை மூன்று வாங்கினோம். அவற்றையும் உடனே விடவில்லை. அவை வந்த தண்ணீரோடு எங்கள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணித்தியாலம் கலந்த பிறகுதான் விட்டோம். புது இடத்துக்கு வருகிற உயிருக்கு அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரிது என்று, விமான நிலையத்தில் வெளிநாட்டுக் குளிருக்குள் மெல்லிய சட்டையோடு வந்து இறங்கின எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்பதாவது கிழமையோ பத்தாவது கிழமையோ, ஒரு மாலை வேலையால் வந்து பார்த்தால் பொத்தான் பவளங்கள் விரிந்திருந்தன. பச்சை நடு, மண்ணிற ஓரம், சின்னச் சூரியகாந்தி மாதிரி. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே எடுத்தான். "அப்பா, செத்துப் போச்சு எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் கேக்கேல்லை. அம்மாவும் வருத்தத்திலை, அதுக்குள்ளை இதையும் கேட்டு உங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல் எண்டு" என்றான். அவன் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றினா. எங்கள் வீடுகள் அப்படித்தான் ஓடுகின்றன.

இப்போது அந்த அறைக்கதவு சாத்துவதில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஆர்.ஓ. தண்ணீர்க் கலன் ஒன்று, மேலே பெரிய எழுத்தில் 'அம்மாவின் தண்ணீர்' என்று ஒட்டியிருக்கிறது. தானாகத் தண்ணீர் நிரப்புகிற கருவி விற்கிறார்கள், வாங்குவோமா என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். காலையில் விளக்கு வைத்துவிட்டு அம்மா வந்து கோட்டைப் பார்த்து ஒரு செம்பு ஊற்றுவா. சில நாட்களில் ஊற்றினதை மறந்து இன்னொரு செம்பு எடுப்பா. அதற்காகக் கொப்பியில் திகதிக்கு நேரே ஒரு சரி போடச் சொல்லியிருக்கிறேன். நடுங்கின கையால் போட்ட அந்தச் சரிகளைப் போல ஒழுங்கான பதிவேடு என்னுடைய வாடிக்கையாளர்கள் ஒருவரிடமும் இல்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி கிடந்தால், வாளியைத் தூக்க முன்னர் கண்ணாடியில் ஒரு கோடு சுரண்டி உள்ளே பாருங்கள். உயிர் இருந்தால் முதலில் அளவுகளை எழுதுங்கள், பிறகு பத்து வீதம், அதற்குப் பிறகு இன்னொரு பத்து வீதம். அதோடு, அது இவ்வளவு நாளும் எப்படி உயிரோடு இருந்தது என்று வீட்டிலுள்ள வயது போனவர்களிடம் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் வழக்கம் போல வரிக் கணக்கோடு வருவேன். அதுவரை உங்கள் எல்லோரிடமும் இருந்து விடைபெறுகிறேன்.